வலது முன் சில்லு

நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது.
நாலு சில்லும் ஒரே வேகம் சொல்லும்போது
எந்தச் சில்லின் சொல் எந்த வயரால் வருகிறதென்று
யார் கேட்கப்போகிறார்கள்?

வெள்ளை லாண்ட் குறூசர். மருந்துக்கடை முதலாளியுடையது.
ஓட்டுவது அற்புதராசா அண்ணை.
ஐப்பசி மழைக்குள், கோப்பாய் கைதடி வீதியில்,
எதிரே வந்த மணல் ரிப்பருக்கு இடம் விட
இடப்பக்கச் சில்லுகளைச் சேற்றில் இறக்கி
பிறேக்கை மிதித்திருக்கிறார்.
நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்
பதினைந்து அடி போய்
மதகுக் கட்டில் முட்டி நின்றது.

“கண் மண் தெரியாமல் ஓடியிருக்கிறாய்.”
மூன்று மாதம் சம்பளத்தில் வெட்டு.

பம்பரை நிமிர்த்திப் பெயின்ற் அடித்தாயிற்று.
மஞ்சள் லைற் மட்டும் அணையவில்லை.
ஸ்கானர் சொன்னது: வலது முன் சென்சர்.
கொழும்பிலிருந்து ஒன்று வந்தது, மாட்டினார்கள்,
லைற் எரிந்தது.
இன்னொன்று வந்தது, ஒறிஜினல் என்று விலையும் கூட,
லைற் எரிந்தது.
பிறகுதான் கோண்டாவிலுக்கு, என்னிடம்.

வலது சென்சரை மீற்றரில் பார்த்தேன்.
அதில் ஒரு குறையும் இல்லை.
பொனற்றில் வைத்த பிளேன்ரீ ஆடை கட்டும்வரை
அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
பிறகு ஜக்கை வைத்து
வலது முன் சில்லை மட்டும் தூக்கினேன்.
“திரையைப் பாத்துச் சொல்லுங்கோ அண்ணை.”
கையால் சுழற்றினேன்.

“இடது,” என்றார். “இடது ஏழு கிலோமீற்றர்.”
“வலது?”
“சைபர்.”

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கதைக்கவில்லை.

சேத்துக்கை வழுக்கினது இடது, அண்ணை.
‘வழுக்குது, விடு’ எண்டு அது கத்தினது
வலதின்ரை குரலிலை போய்ச் சேர்ந்திருக்கு.
பெட்டி வலதை விட்டிட்டுது,
தாரிலை நல்லாய்ப் பிடிச்சுக்கொண்டு நிண்ட சில்லை.
நீங்கள் மிதிச்ச மிதி சரி.

அவர் குனிந்து
தன் வலது காலைப் பார்த்தார்.

நான் வயரோடு போனேன்.
சில்லு வளைவுக்குள்ளால், சட்டத்தின் மேலால்,
கிளிப் உடைந்த இடத்தில் யாரோ கட்டின நைலோன் கயிறு தாண்டி,
பிறேக் பெட்டிக்கு ஒரு சாண் முன்னால்
கறுத்த ரேப் சுற்றின கட்டு ஒன்று.
உள்ளே நாலு வயர், நாலு ஈய ஒட்டு.
எண்ணெய் குடித்து வெளிறி
நீலமும் பச்சையும் ஒரே சாம்பல்.
ரேப்பின் நுனி மடித்திருந்தது,
அடுத்து அவிழ்ப்பவரின் நகம் பிடிக்க
ஒரு சின்னக் காது விட்டு.

அப்படி மடிப்பது
இந்தப் பக்கத்தில் நான் மட்டும்தான்.

போன சித்திரை. எலி கடித்த வயர்.
கரண்ட் போன பின்னேரம், ஃபோனைப் பல்லில் கடித்து
அந்த வெளிச்சத்தில் ஒட்டினது.
பலாலி வீதியில் ஓடிப் பார்த்தேன்.
நேர் ரோடு.
லைற் இல்லை. நாலாயிரம் வாங்கினேன்.

மாற்றி ஒட்ட இருபது நிமிடம்.
இடது சென்சர் வெடித்திருந்தது, அது நாளைக்கு வரும்.
இந்த முறை ரேப்பில் பேனையால் எழுதினேன்:
இ. வ.

“அண்ணை, இது நான் ஒட்டினது.”
காரியலாக ஒரு துணியை எடுத்து
அவர் கை துடைத்தார். கையில் அழுக்கு இல்லை.
மூன்று மாத வெட்டு எவ்வளவென்று நான் கேட்கவில்லை.
கேட்க வேண்டியிருக்கும்.

முதலாளியின் நம்பரை அடித்து
ஸ்பீக்கரில் போட்டேன்.
மணி போய்க்கொண்டிருந்தது.

அவர் சில்லடியில் போய்க் குந்தினார்.
ஒருக்கால் சுழற்றினார்.
எட்டித் திரையைப் பார்த்தார்.
“வலது,” என்றார்.

இன்னொருக்கால் சுழற்றினார்.